மில் சத்தத்துக்குள் அப்பாவின் குரல்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயசு 46, சர்வீஸ் 24 வருஷம். நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மிஷின்கள் ஓடுகிற ஷெட்டுக்குள் சத்தம் 90 டெசிபெலைத் தாண்டும். பக்கத்தில் நின்று கத்தினாலும் பாதிதான் காதில் ஏறும். அதனால் அங்கே எங்களுக்குக் கைச்சாடைதான் பேச்சு. விரலை வெட்டிக் காட்டினால் இழை அறுந்திருக்கிறது, உள்ளங்கையைக் கவிழ்த்தால் மிஷினை நிறுத்து, இப்படி.

அந்த இடத்தில்தான், ஒரு புல் நைட் ஷிப்டில், விடியற்காலை மூன்றேகால் மணிக்கு, அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பெரியவனே."

சத்தம் போட்டெல்லாம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கேட்பதற்குக் கூப்பிடுவாரே, அதே மட்டான குரல். என் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. "என்னப்பா" என்று வாய்விட்டுச் சொல்லித் திரும்பியும் விட்டேன். மேலே தண்டவாளத்தில் போகிற ஓவர்ஹெட் கிளீனர் பஞ்சுத் தூசியை ஊதிக்கொண்டே போனது. வேறு யாரும் இல்லை. அப்பா இறந்து அன்றைக்கு நாற்பத்தோராவது நாள்.

இதை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. என்னைப் போல எத்தனையோ பேருக்கு இப்படி நடக்கிறது, வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நானும் அப்போது திறக்கவில்லை. என்னை ஏறக்குறைய ஆளையே மாற்றியது அந்தக் குரல் இல்லை, அதைத் தொடர்ந்து நான் உள்ளுக்குள்ளேயே நூற்ற நூல்தான்.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு தடவை கேட்டது. ஒரு தடவை வீட்டில், அவருடைய டி.வி.எஸ். 50 வாசலில் வந்து நிற்கிற சத்தம். அந்த வண்டியை அதற்கு முந்தின மாதமே விற்றிருந்தோம். அப்பா ஏன் கூப்பிடுகிறார் என்று யோசிக்க ஆரம்பித்தேன். எதையோ சொல்ல வருகிறார், எச்சரிக்கிறார் என்று பட்டது. எச்சரிக்கை என்றால் எங்கிருந்தோ ஆபத்து வரவேண்டுமே? தேடினேன். அவர் இறந்தது 17ஆம் தேதி. லாட் கார்டில் 17, பஸ் டிக்கெட்டில் 17, கேன்டீன் டோக்கனில் 17. எங்கே பார்த்தாலும் அந்த எண் என்னைப் பார்த்தது. காம்பவுண்ட் சுவரில் ஒரு காக்கா தினமும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதற்கும் ஒரு அர்த்தம் வைத்தேன்.

பிறகு மனிதர்கள்மேல் திரும்பியது. இரண்டு பெண்கள், சைடர்கள் (மிஷின் பக்கம் நின்று அறுந்த இழையை ஒட்டுகிறவர்கள்), பாதைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கையசைத்துப் பேசிக்கொள்வார்கள். இருபது வருஷமாகப் பார்க்கிற காட்சிதான். இப்போது அவர்கள் பேசுவது என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. கைச்சாடையிலேயே பேசுகிற இடத்தில் ஒருவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் அதற்குத் தீனிக்குப் பஞ்சமே இல்லை. ஒரு நாள் அவர்களில் ஒரு பெண்ணை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, "என்னைப் பத்தி என்ன பேசினே?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளைக்குப் பத்தொன்பது வயசு. மதியம் என்ன குழம்பு என்று கேட்டேன் சார் என்று சொல்லி அழுதுவிட்டது. அந்த அழுகை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. காரணம் என் சித்தப்பா.

அப்பாவுக்கு நேர் இளையவர். எனக்குப் பதினாறு வயசாக இருக்கும்போது அவருக்கு ஆரம்பித்தது. எதிர் வீட்டுக்காரர்கள் சுவருக்குள் எதையோ வைத்துத் தன்னைக் கவனிக்கிறார்கள் என்றார். அவர் சாப்பிடுவதையும் குளிப்பதையும் பற்றிக் குரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன என்றார். மந்திரித்தோம், தாயத்துக் கட்டினோம், ஊர் ஊராகக் கூட்டிப்போனோம். மனச்சிதைவு நோய் என்று ஒரு மருத்துவர் சொல்லி மாத்திரை எழுதிக்கொடுக்க ஆறு வருஷம் ஆனது. மாத்திரைக்குப் பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தார். இன்றைக்குச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஆனால் அந்த ஆறு வருஷத்தில் வேலை போனது, நிச்சயம் ஆன கல்யாணம் நின்றது. இந்த நோயில் மருந்து தொடங்கத் தாமதமாக ஆக மீள்வது கடினமாகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆகவே ரத்தத்தில் இருப்பது எனக்கும் வந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். குரலைவிட அந்தப் பயம்தான் என் தூக்கத்தைத் தின்றது.

என் மகள் கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். தீபாவளி லீவுக்கு வந்தபோது ஒரு லேப்டாப்பும் பெரிய ஹெட்போனும் கொண்டுவந்தாள். கல்லூரி செயல்திட்டத்துக்கு ஒரு சோதனை நடத்த வேண்டும், அதற்கு முன்னால் வீட்டில் ஒரு ஒத்திகை. "உங்களைக் கணக்கில சேர்க்க மாட்டேன்ப்பா, சும்மா உட்காருங்க" என்றாள்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டை ஒரு நிமிஷம் போட்டாள். அடுத்து ஒரே இரைச்சல், அருவி விழுகிற மாதிரி. "இந்த இரைச்சலுக்கு அடியில அந்தப் பாட்டு அங்கங்கே மெலிசாக் கேட்கலாம். கேட்டதுன்னு நிச்சயமாத் தெரிஞ்சா ஸ்பேஸ் பாரை அமுக்குங்க." ஐந்து நிமிஷம். கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு அது பழகிய இரைச்சல், ஷெட்டின் சத்தம்தான். கொஞ்ச நேரத்தில் பல்லவி வந்தது. அமுக்கினேன். பிறகு சரணத்தில் ஒரு துண்டு. பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடம்கூடக் கேட்டது. ஒன்பது தடவை அமுக்கினேன். அடுத்து என் மனைவி உட்கார்ந்தாள். அவள் ஒரே ஒரு தடவை அமுக்கிவிட்டு, "அதுகூட சந்தேகம்தான்டி" என்றாள்.

மகள் லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னாள்: "அதில பாட்டே இல்லப்பா. வெறும் இரைச்சல்."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்: "அப்போ எனக்கும் சித்தப்பாவுக்கு வந்ததுதானா?" அந்த ஒரு கேள்வியில் நாற்பது நாள், அறுபது நாள் பூட்டி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. அப்பா கூப்பிட்டது, வண்டிச் சத்தம், 17, அந்தப் பெண்ணைத் திட்டியது, எல்லாம். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவசரப்பட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

அன்று ராத்திரி அவள் சொன்னதும், பிறகு நானே தேடிப் படித்ததும் சேர்ந்து ஒரு கணக்கு பிடிபட்டது.

இந்தச் சோதனை புதிதில்லை. 2001இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 44 மாணவர்களிடம் செய்திருக்கிறார்கள். பிங் கிராஸ்பி பாடிய 'ஒயிட் கிறிஸ்மஸ்' பாட்டை முதலில் போட்டு, பிறகு வெறும் இரைச்சலைக் கேட்கவிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பாட்டு கேட்டதாகப் பட்டனை அமுக்கினார்கள். எல்லோரும் நல்ல மனநலம் உள்ள மாணவர்கள். அமுக்கியவர்களைப் பார்த்தால், கற்பனையில் ஆழ்ந்துபோகிற சுபாவம் உள்ளவர்கள். கேள்வித்தாளிலும் 'ஆள் இல்லாமல் குரல் கேட்டிருக்கிறேன்' என்பது போன்ற கேள்விகளுக்கு அதிகம் ஆமாம் போட்டவர்கள்.

அந்தச் சுபாவத்துக்கு உளவியலில் ஸ்கிசோடைபி என்று பெயர். 1962இல் அமெரிக்க உளவியலாளர் பால் மீல் அதை எழுதியபோது, மனச்சிதைவு நோய்க்கு அடியில் கிடக்கும் பலவீனமாகத்தான் பார்த்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் கார்டன் கிளாரிட்ஜ் வேறு மாதிரிப் பார்த்தார். உயரம், கோபம், கூச்சம் போல இதுவும் எல்லா மனிதரிடமும் கூடக் குறைய இருக்கிற ஒரு குணம். நிறைய இருந்தும் நோய் எட்டிக்கூடப் பார்க்காமல் வாழ்ந்து முடிப்பவர்கள் ஏராளம் என்றார். அவரும் சகாக்களும் 1995இல் கொண்டுவந்த கேள்வித்தாளில் 104 கேள்விகள். விசித்திர அனுபவங்கள் ஒரு பக்கம், சிந்தனை சிதறுவது ஒரு பக்கம், ஆட்களோடு ஒட்டாமல் ஒதுங்குவது ஒரு பக்கம், கட்டுக்கடங்காமல் நடப்பது ஒரு பக்கம் என்று நான்கு பங்கு. மகள் சில கேள்விகளை வாய்மொழியாகத் தமிழில் கேட்டாள். முதல் பங்கில் நான் மேலே இருந்தேன். மற்றதில் சாதாரணம்.

யோசித்துப் பார்த்தால் நான் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். மழைக்கால ஈரம் படிந்த சுவரில் எனக்கு முகங்கள் தெரியும், தம்பிக்குத் தெரியாது. அம்மா கிரைண்டரில் மாவாட்டும்போது அதற்குள் பாட்டு ஓடும். மொசைக் தரையில் யானை தெரியும். தூக்கம் பிடிக்கிற நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தூக்கத்தில் பேய் அமுக்குவதும் இரண்டு மூன்று தடவை நடந்திருக்கிறது. உடம்பு அசையாது, நெஞ்சில் பாரம், மூலையில் யாரோ நிற்பதுபோல. கனவு காணும் கட்டத்தில் உடம்பு தளர்ந்து கிடக்கும்போது மூளை மட்டும் முந்திக்கொண்டு விழிப்பதால் வருவது அது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு மிஷினில் பேரிங் போகப்போகிறது என்றால் ஷெட்டுக்குள் முதலில் எனக்குத்தான் கேட்கும். ஃபிட்டர் வந்து கழற்றிப் பார்த்து, "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்பார். 2017இல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக ஆட்கள், நோய் எதுவும் இல்லாமல் அடிக்கடி குரல் கேட்பவர்களுக்கு, பேச்சை உருத்தெரியாமல் சிதைத்த ஒலியைப் போட்டுக் காட்டினார்கள். அதில் பேச்சு இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லாமலேயே 75 சதவீதம் பேர் கண்டுபிடித்தார்கள். மற்றவர்களில் 47 சதவீதம். என் காதும் அந்த ஜாதிதான் போலிருக்கிறது.

இதை நான் புரிந்துகொண்டது, நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கை வைத்து. அங்கே யார்ன் கிளியரர் என்று ஒரு சென்சார் இருக்கும். நூலில் தடிப்போ மெலிவோ வந்தால் வெட்டிவிடும். அதன் செட்டிங்கை ரொம்பக் கூர்மையாக வைத்தால் நல்ல நூலையும் குறை என்று வெட்டித் தள்ளும். மந்தமாக வைத்தால் குறை உள்ள நூல் கோனில் ஏறிவிடும். இரண்டிலும் சென்சார் பழுதில்லை, செட்டிங்தான் வேறு. 1985இல் ரிச்சர்ட் பென்டாலும் பீட்டர் ஸ்லேடும் செய்த ஆய்வில் வந்ததும் இதுவேதான். இரைச்சலில் குரலைப் பிரித்தறியும் திறமையில் வித்தியாசம் இல்லை. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நேரத்தில் 'இருக்கிறது' என்று சொல்லிவிடும் சாய்வுதான் சிலருக்கு அதிகம். மூளை காதுக்கு வருவதை மட்டும் கேட்பதில்லை. எது வரும் என்று முன்கூட்டியே ஊகித்து வைத்துக்கொள்கிறது. நாற்பத்து நாலு வருஷமாக என்னை 'பெரியவனே' என்று கூப்பிட்ட குரலை அது எப்படி எதிர்பார்க்காமல் இருக்கும்?

துக்கத்தில் இது இன்னும் சகஜம். டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்து 1971இல் எழுதினார். ஏறக்குறைய பாதிப்பேருக்கு, இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல உணர்வதோ குரல் கேட்பதோ உருவம் தெரிவதோ, ஏதாவது ஒன்று நடந்திருந்தது. குரலைக் கேட்டவர்கள் 13 சதவீதம், உருவத்தைப் பார்த்தவர்கள் 14 சதவீதம். பெரும்பாலோர் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. துக்கத்தில் இருப்பவர்கள் என்று பிரிக்காமல் பொது மக்களை எடுத்தாலும், 18 நாடுகளில் 31,261 பேரிடம் எடுத்து 2015இல் வெளியான கணக்கில், வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படிக் கேட்டோ பார்த்தோ இருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். அவர்களில் பலருக்கு அது விரல்விட்டு எண்ணும் தடவைகளோடு நின்றுபோயிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் மகள் ஒரு விஷயத்தில் விடவில்லை. "குரல் கேட்டது எனக்குப் பயமில்லப்பா. அந்தப் பொண்ணைத் திட்டினீங்களே, அதுதான் பயம். டாக்டரைப் பாருங்க." போனேன்.

மனநல மருத்துவர் முக்கால் மணி நேரம் பேசினார். அவர் கேட்ட கேள்விகளைச் சொல்கிறேன், அவற்றில்தான் சாரம் இருக்கிறது. குரல் உங்களுக்குக் கட்டளை இடுகிறதா? உங்களைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்களா? கேட்டது பொய்யாக இருக்கலாம் என்று உங்களால் ஒரு நொடியாவது நினைக்க முடிகிறதா? வேலை, சாப்பாடு, குளிப்பு குறைந்திருக்கிறதா? ஆட்களை விட்டு ஒதுங்குகிறீர்களா? குடி, கஞ்சா உண்டா? எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? எத்தனை டீ? செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?

சித்தப்பாவைப் பற்றியும் சொன்னேன். பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் நோய், சித்தப்பா மாமா போன்ற உறவில் ஒருவருக்கு இருந்தால் நூற்றில் நாலு என்கிற அளவுக்குப் போகலாம், மிச்சம் 96 பேருக்கு வராது என்றார். பெரும்பாலும் இளவயதில் தொடங்குவது என்பதையும் சொன்னார். பிறகு அந்த 17க்கு வந்தார். சாதாரணமாகக் கண்டுகொள்ளாமல் விடவேண்டிய சின்ன விஷயங்களுக்கு மூளை 'இது முக்கியம், இது உனக்காக' என்று முத்திரை குத்த ஆரம்பிப்பது பற்றி விளக்கினார். டோபமின் என்ற ரசாயனத்துக்கு அதில் பங்கு உண்டு. ஷிதிஜ் கபூர் என்ற மனநல மருத்துவர் 2003இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். "குரலைத் தேடிப் போகாதீங்க, துரத்தவும் வேண்டாம். முத்திரை குத்துற கையைக் கவனிங்க" என்றார் டாக்டர். மாத்திரை எதுவும் தரவில்லை. ஒரு மாதம் கழித்து வரச்சொன்னார். கூடவே காது டாக்டரிடமும் அனுப்பினார். 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் எனக்குக் கேட்கும் திறன் இறங்கியிருந்தது, மில் இரைச்சலில் வேலை பார்க்கிறவர்களுக்கு வழக்கமாக வருவது. காது மங்கினால் மூளை இட்டு நிரப்புவது கூடும் என்று அங்கே தெரிந்தது. அத்தனை வருஷமாகப் பாக்கெட்டிலேயே கிடந்த இயர் பிளக் அன்றிலிருந்து காதுக்குப் போனது.

பிறகு நான் செய்ததில் பெரிதாகப் பலன் தந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. குரல் கேட்டால் மணி, எந்த ஷிப்ட், முந்தின நாள் எத்தனை மணி நேரத் தூக்கம், எத்தனை டீ, பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்களுக்குக் கேட்டதா. கடைசியில் ஒரு வரி: கேட்டவுடன் மனசில் என்ன அர்த்தம் வந்தது. அந்தக் கடைசி வரியை எழுதுவதுதான் கஷ்டம். ஆனால் 'அப்பா எச்சரிக்கிறார்' என்று பேனாவால் எழுதிப் பார்க்கும்போது, மண்டைக்குள் இருந்த அதன் கனம் பாதியாகக் குறைந்துவிடும். பக்கத்தில் இன்னொரு சாத்தியத்தையும் எழுதச் சொல்லியிருந்தார் டாக்டர். 'நாலு மணி நேரம்தான் தூங்கினேன்' என்று எழுதுவேன்.

மூன்று மாதத்தில் பதினொரு பதிவு. அதில் ஒன்பது புல் நைட் வாரத்தில், அதுவும் நாலாவது நாளுக்குப் பிறகு, விடியற்காலை மூன்றுக்கும் நாலரைக்கும் நடுவில். மிச்சம் இரண்டும் காய்ச்சல் நாளில். பார்த்ததும் எனக்கே விளங்கிவிட்டது. என் அப்பா புல் நைட் பார்த்து வருகிறவர் இல்லை.

தூக்கத்தைச் சரிசெய்வதை நோய் தீர்க்கும் வேலை போலவே எடுத்துக்கொண்டேன். பிரிட்டனில் 26 பல்கலைக்கழகங்களில் 3,755 மாணவர்களை வைத்து டேனியல் ஃப்ரீமன் குழு நடத்திய சோதனை 2017இல் வெளியானது. தூக்கமின்மைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். தூக்கம் சரியானதோடு, பிறர்மேல் வரும் சந்தேகமும் பொய்க் குரல்களும் சேர்ந்தே குறைந்தன. எங்கள் வீட்டில் பகலில் தூங்குகிற அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தோம். காலிங் பெல்லைக் கழற்றினோம். எட்டரைக்கு வந்தால் ஒன்பதரைக்குப் படுக்கை, செல்போன் அடுத்த அறையில். டீயைப் பொறுத்தவரை, புல் நைட்டில் ஏழெட்டு கிளாஸ் போகும். ஆஸ்திரேலியாவில் 2011இல் அதே 'ஒயிட் கிறிஸ்மஸ்' சோதனையை வைத்து, மன அழுத்தமும் காப்பியும் இரண்டும் அதிகம் இருந்தவர்களே இல்லாத பாட்டை அதிகம் கேட்டதாகக் கண்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பிறகு டீ கிடையாது என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் தலைவலி. பிறகு பழகிவிட்டது.

சந்தேகத்துக்கு ஒரே வழி, நம்புகிற ஒரு ஆளிடம் கேட்டுவிடுவது. நூல் நிறைந்த கண்டுகளை மாற்றுகிற ஆட்களை மேய்க்கிற என் டாஃபிங் ஜாபர் என்னைவிட மூத்தவர். அவரிடம் முழுசாகச் சொல்லிவிட்டேன். "அண்ணே, அந்த ரெண்டு பேரும் என்னைப் பார்த்தா சிரிக்கிறாங்க?" என்று கேட்பேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார், இல்லை என்று. மூன்றாவது மாதத்துக்குப் பிறகு கேட்கத் தேவைப்படவில்லை. அழவைத்த அந்தப் பிள்ளையிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். தனியாகத் திட்டினேன், அதனால் தனியாகக் கேட்டால் போதும் என்று நினைத்தேன். மனைவிதான் சொன்னாள், அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வெளியே போனதை எல்லோரும் பார்த்திருப்பார்களே என்று.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். என் கதையை வைத்து, உங்கள் வீட்டில் இருபது வயசுப் பையன் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசுவதை 'சகஜம்தானாம்' என்று விட்டுவிடாதீர்கள். குரல் கட்டளை இடுகிறது, தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறது, கேட்டதைச் சந்தேகிக்கவே முடியவில்லை, வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, குளிக்கவில்லை, சாப்பாட்டில் விஷம் என்கிறார், படிப்பிலோ வேலையிலோ திடீரென்று சரிகிறார் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். வயசானவர்களுக்குத் திடீரென்று உருவங்கள் தெரிந்தால் காய்ச்சல், சர்க்கரை, புது மருந்து, கண்பார்வை இவற்றையும் பார்க்கவேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கோயிலுக்குப் போவதென்றால் போங்கள், மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அம்மாவுக்கும் அப்பா வருகிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் செருப்பைக் கழற்றிவிடும் சத்தம் கேட்குமாம். "வந்துட்டாருன்னு நெனச்சுக்குவேன். அப்புறம் சோறு வடிக்கப் போயிருவேன்" என்றாள். பயமும் இல்லை, அர்த்தம் தேடுவதும் இல்லை. நான் எந்த ஆய்வையும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். தான்யா லூர்மன் என்ற மானுடவியலாளரும் அவருடைய சகாக்களும் சென்னை, கானாவின் அக்ரா, அமெரிக்காவின் சான் மாட்டியோ என்று மூன்று ஊரில், நோயால் குரல் கேட்கிற இருபது இருபது பேரிடம் பேசியிருக்கிறார்கள். சென்னைக்காரர்களில் பாதிக்கு மேல் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். குளி, வேலையைப் பார் என்று சொல்லுமாம். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் வன்முறை பேசும் முகமற்ற குரல்கள். நோயிலேயே ஊரும் வீடும் இவ்வளவு உள்ளே வருகிறதென்றால், அம்மாவின் செருப்புச் சத்தத்தில் அவளுடைய ஐம்பது வருஷக் குடித்தனம் இருக்கிறது.

எனக்கு இப்போதும் எப்போதாவது கேட்கும். போன ஆடியில் ஒரு தடவை. நோட்டில் எழுதினேன், அந்தக் கடைசி வரியில் 'அப்பா ஞாபகம்' என்று மட்டும்.

சித்தப்பாவிடம் போய்ச் சொன்னது போன மாதம்தான். கடையில் ஒரு சைக்கிள் ரிம்மில் ஸ்போக் முறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, அப்பா செத்ததிலிருந்து எனக்கு அவர் குரல் கேட்டது சித்தப்பா என்றேன். ஸ்போக் சாவியைக் கீழே வைத்தார்.

"எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான். அப்பா மட்டும்தான்."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"பேரைச் சொல்லிக் கூப்பிடுறதோட சரி."

கொஞ்ச நேரம் ரிம்மைக் கையால் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தார். அது ஆடாமல் ஓடுகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். "எனக்கு நாலு பேரு" என்றார். "ரெண்டு ஆம்பளை, ஒரு பொம்பளை, ஒரு சின்னப் பையன். அந்தப் பையன் மட்டும் கெட்ட வார்த்தை பேசமாட்டான்."

முப்பது வருஷத்தில் அவர்கள் யார், எத்தனை பேர் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பஞ்சர் ஒட்ட ஒரு பையன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். "நாளைக்கு வாப்பா" என்று அனுப்பிவிட்டு, ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.